எறும்பு என்று சொன்னேன்

மதிப்புக்குரிய வாசிப்புக் குழுத் தலைவி அவர்களுக்கு,

தற்காலிகச் செயலாளரும் உன் வீட்டுக்காரனுமாகிய நான் எழுதுவது. இங்கே நான், கடை, உன் ரோஜாச் செடிகள் எல்லாரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் வேறு பேச்சுக்குத் தாவுவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. கடிதத்தில் அப்படித் தாவ முடியாது. அதனால்தான் போனை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

தொடை எலும்பில் கட்டி என்று தெரிந்து, நீ உன் அண்ணன் வீட்டில் தங்கி அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. "டாக்டர் ரெண்டு வழி இருக்குன்னு சொல்றாருங்க" என்று நீ தொடங்கினால், ஃபிரிட்ஜ் சத்தம் போடுகிறது என்பேன், மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்பேன். ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் இல்லை. மோட்டாரும் நன்றாகத்தான் ஓடுகிறது.

இனி குழுச் செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏழு பேரும் கூடினோம். அடுத்த மாதப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீ ஊரில் இல்லையே தவிர உன் சட்டம் அப்படியே இருக்கிறது. கதைப் புத்தகம் கூடாது. கொண்டுவருகிறவர் புகழக் கூடாது, ஒரே ஒரு பக்கம் வாசித்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிடிக்காதவர்தான் முதலில் பேச வேண்டும். பல் டாக்டர் பாலங்களைப் பற்றிய புத்தகம் கொண்டுவந்தார். பல்லுக்குப் பாலம் கட்டுகிறவர் வேறென்ன கொண்டுவருவார்!

அடுத்தது தலைவியின் பரிந்துரை. நான் எழுந்து, எறும்புகளைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தேன். நீ போனில் சொன்ன தொண்ணூறாம் பக்கத்தைப் புரட்டினால் அங்கே ஓர் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்க ஓர் எறும்பின் முகம், மீசையும் தாடையுமாக என்னை முறைத்துக்கொண்டு இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே தூக்கிக் காட்டினேன்.

தமிழ் டீச்சர் சும்மா இருப்பார்களா? "படத்தை எப்படி சார் வாசிப்பீங்க? அவங்க எலும்புன்னு சொல்லியிருப்பாங்க, உங்களுக்கு எறும்புன்னு விழுந்திருக்கும். என் மூணாம் கிளாஸ் பிள்ளைங்க டிக்டேஷன்ல செய்யுற தப்பு இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் எலும்புக் கட்டி நினைவுக்கு வந்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். "ஆமா டீச்சர், போன்ல சரியா கேக்கல" என்று புளுகிவிட்டு உட்கார்ந்தேன். ஓட்டெடுப்பைத் தள்ளிவைத்தோம்.

எனக்கு நன்றாகக் கேட்டது. நீ ஒவ்வொரு எழுத்தாகத்தான் சொன்னாய். எ, லு, ம், பு. "சரி சரி, எறும்பு" என்றேன். நீ என்னைத் திருத்தாமல், "தொண்ணூறாம் பக்கம், நீங்கதான் வாசிக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாய்.

திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஸ்கூல் பஸ் வந்து நின்றது. நம் குழுவின் பஸ் டிரைவரம்மாதான். பிள்ளைகளை இறக்கிவிட்டு, நூலகத்தில் அந்த எலும்புப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நேராக வந்திருக்கிறாள். கண் பரிசோதிக்கிற நாற்காலியில் என்னையே உட்காரவைத்துப் புத்தகத்தை மடியில் போட்டாள். "உங்க காதுல ஒரு கோளாறும் இல்லண்ணே. அக்கா சொன்ன பக்கத்தை வாசிங்க" என்றாள்.

வாசித்தேன். கட்டி இருக்கிற எலும்பை வெட்டி எடுத்துவிட்டு உலோகம் பொருத்துவது ஒரு வழி. அது முடியாதபோது காலையே எடுத்துவிடுவது இன்னொரு வழி. இரண்டிலும் மனிதர் எழுந்து நடக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதுவரை அந்த ஒரே பக்கத்தில் இருந்தது. ஐந்து வாரமாக நீ சொல்ல வந்தது இதுதானா? அடிப்பாவி, புருஷன் காதை மூடிக்கொண்டான் என்று தெரிந்ததும் பக்க எண் கொடுத்துச் சொல்லியிருக்கிறாயே! இந்தத் தைரியமும் சாமர்த்தியமும் உனக்கு எங்கிருந்து வந்தது? இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய எனக்குத் துளிகூட ஒட்டவில்லையே. அந்த நாற்காலியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். டிரைவரம்மா வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நான் மூக்கைச் சிந்தி முடித்ததும், அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

புதன்கிழமை சாயங்காலம் எல்லோரையும் மறுபடி கூப்பிட்டேன். எனக்குச் சரியாகத்தான் கேட்டது, நான்தான் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். டீச்சர் புத்தகத்தை வாங்கி மீதியை வாசித்து முடித்தார். பிறகு உன் சட்டப்படி, பிடிக்காதவர் யார் என்று கேட்டேன். பல் டாக்டர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "பரிதாபப்பட்டு ஓட்டுப் போட்டா அந்தம்மா வந்து நம்மளை உரிச்சிடுவாங்க. இதை எழுதினவர் ஒரே விஷயத்தை ஒரே பக்கத்துல மூணு தடவை சொல்றார். என் ஓட்டு பாலத்துக்குத்தான்" என்றார். மற்ற ஆறு ஓட்டும் எலும்புக்கு. நீ இருந்திருந்தால் அவர் முதுகில்தான் முதலில் தட்டியிருப்பாய். மனுஷன் உன்னை எவ்வளவு மதிக்கிறார் பார்.

இது சனிக்கிழமை உனக்குக் கிடைக்கும். திங்கட்கிழமை காலை நான் அங்கே வந்துவிடுவேன். கடையைப் பூட்டி ஒரு மாதத்துக்கு விடுமுறை என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை நடக்கப்போகிற உன் ஆபரேஷனுக்கு உன் அண்ணனையே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மச்சானிடம் சொல்லிவிடு, நான்தான் போடுவேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. கால் பிழைக்கும் என்றாலும் பிழைக்காது என்றாலும் அதை உன் வாயாலேயே எனக்குச் சொல். டாக்டரோ மச்சானோ சொல்ல வேண்டாம். முதலிலிருந்து சொல். எவ்வளவு நேரம் ஆனாலும் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். எப்படி வந்தாலும் சரி, நீ வந்தால் போதும் எனக்கு.

உன் குழுவின் ஏழு பேர் சார்பிலும்,
பேச்சை மாற்றாத
உன் வீட்டுக்காரன்