கேட்காமல் நிறுவியது

மார்ச் 3, செவ்வாய்

அக்காவின் கணினியில் அவள் தட்டச்சு செய்கிற எடிட்டர் மென்பொருளைப் புதிதாக நிறுவினேன். விரும்பினால் சேர்க்கலாம் என்று ஒரு பட்டியல் வந்தது: பிழைதிருத்தி, அகராதி, இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். கூடவே நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதிய நீட்சி, எடிட்டரோடு ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல். ஒரு சொல்லின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் முழுச் சொல்லும் வந்து விழும். விபத்துக்குப் பிறகு இடது கையால் மட்டுமே தட்டுகிற ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு வேறென்ன வேண்டும்? அவள் கைப்பயிற்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து முடித்துவிட்டேன். அசந்துபோவாள்.

மார்ச் 4

அசரவில்லை. கத்தினாள்.

மார்ச் 5

நடந்தது இதுதான். விபத்து நடந்து ஆறு மாதம் கழித்துப் பதிப்பகம் கொடுத்த முதல் வேலை. நேற்று இரண்டு மணிக்குள் அனுப்பியிருக்க வேண்டும். இடது கைக்கு எட்டுகிற மாதிரி அக்கா தனக்கென்று சில விசைகளை அமைத்து வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. (கேட்டால்தானே தெரியும்!) சேமிக்க அவள் அழுத்துகிற விசையில் என் நீட்சி போய் உட்கார்ந்திருந்தது. சேமிப்பதற்குப் பதிலாகப் பக்கம் முழுக்கச் சொற்களை விரித்துத் தள்ளியது. போதாததற்குப் பிழைதிருத்தி வேறு, பரீட்சைத் தாள் போல வரிக்கு வரி சிவப்புக் கோடு.

மூன்று மணி நேரம் தாமதம். பதிப்பாசிரியர் போனில், "முடியலைன்னா சொல்லியிருக்கலாமே, வேற யார்கிட்டயாவது குடுத்திருப்போம்" என்றாராம்.

"என் கைக்கு முடியலைன்னு நினைச்சுட்டாங்க. கெடுத்தது என் கை இல்லடி, நீ!"

 

மார்ச் 9, திங்கள்

நீட்சியை, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிற எடிட்டரின் பொதுப் பட்டியலுக்கும் அனுப்பியிருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிபார்ப்பவரின் முகம் தெரியாது. அவர் பெயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் படத்தில் வெறும் மூக்குக்கண்ணாடி. கண்ணாடிக்காரர் எழுதியிருப்பது: கண்ட்ரோல்-சி அழுத்திவிட்டு ஓர் எழுத்தைத் தட்டுகிற விசைகள் பயன்படுத்துபவர் தனக்கென்று அமைத்துக்கொள்ள ஒதுக்கிய இடம், நீட்சிகள் அதைத் தொடக்கூடாது. நிறுவியதாலேயே எதுவும் மாறக்கூடாது. பயன்படுத்துபவர் தானாக இயக்கும்வரை நீட்சி சும்மா இருக்க வேண்டும். நிரல் எழுதுவோருக்கான வழக்கங்கள் என்ற இணையப் பக்கத்தில் எல்லாம் இருக்கிறது, படியுங்கள்.

பெரிய நீதிபதி!

மார்ச் 10

படித்தேன். இருக்கிறது. ஒரு வருடமாக எடிட்டருக்கு நிரல் எழுதுகிறேன், இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை.

மார்ச் 14, சனி

நீட்சி பிடித்து வைத்திருந்த விசைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். அக்காவிடம் போய் நின்றேன்.

"முன்னாடியே கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னுதான்."

"அதனாலதான் கேக்கல."

சிரிப்பை அடக்கினாளோ என்னவோ, திரும்பவில்லை.

"இப்ப கேக்கறேன்க்கா. அணைச்சே வெச்சிருக்கேன். வேணும்னா நீயே போட்டுக்கோ. இல்லைன்னா இப்பவே தூக்கிடறேன்."

"இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றால்? கேட்கவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 16

தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று பதிப்பாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை, அக்காவிடம் காட்டினேன். அவள் பட்ட கஷ்டத்தைப் பற்றி உருகி உருகி எழுதியிருந்த இரண்டு பத்திகளை அடித்தாள். மிஞ்சியது நாலு வரி.

"இப்ப அனுப்பு."

மார்ச் 20

பதில் இல்லை. அக்கா துணி மடிக்கிறாள். மடித்ததையே மடிக்கிறாள்.

மார்ச் 24, செவ்வாய்

அக்காவுக்கு அடுத்த வேலை வந்துவிட்டது! இதய நோய் பற்றிய புத்தகம், இருநூறு பக்கம். பதிப்பாசிரியர் போனில் மன்னிப்பு வேறு கேட்டாராம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

அலுவலகத்தில் இருந்தேன். அக்காவிடமிருந்து செய்தி.

"உன் நீட்சில ஒரு தப்பு. 'இத'ன்னு அடிச்சா 'இதயம்' வரணும். 'இதற்கிடையில்'னு வருது. பத்து தடவை திருத்திட்டேன்."

மூன்று முறை படித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்ன ஆயிற்று என்றார். ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நானே மாத்தட்டுமா, இல்ல எப்படின்னு சொல்லவா, நீ மாத்திக்கறியா?" என்று கேட்டு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது.

"நீயே மாத்து. எனக்கு வேலை இருக்கு."