உனக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகும் அம்மா எழுதுவது

அன்புள்ள மகனுக்கு,

நான், உன் மனைவி, பாப்பா மூவரும் நலம். இந்த வரியை எல்லோருக்கும் பழக்க தோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், கோர்ட் உன்னை வீட்டுக்கு வெளியே இருக்கச் சொன்ன இந்த ஆறு வாரமாகத்தான் பொய் கலக்காமல் எழுதுகிறேன். நீயும் அங்கே நண்பன் அறையில் நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் கிடைத்தது. உள்ளே உன் மனைவிக்கென்று ஒட்டிய இன்னொரு உறை, "நைசா அவகிட்ட குடுத்துடும்மா" என்று ஒரு துண்டுச்சீட்டு. பாதுகாப்பு உத்தரவின் நகல் உன்னிடமும் இருக்கிறது. அருகே போகாதே, போன் செய்யாதே, பிறர் மூலமும் சேதி அனுப்பாதே, மூன்றே வரி. மூன்றில் இரண்டு சரி, நீ கணக்கில் வாங்கியதைவிட அதிகம்தான், ஆனால் இதில் நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. உறையைப் பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்தது வந்தால் பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்கு நேரே போகும்.

அப்புறம், விசாரணையில் "எனக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு மட்டும் நான் சொன்னால் போதும், மனு தள்ளுபடியாகிவிடும், நீ வீட்டுக்கு வந்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். உன் வக்கீல் கெட்டிக்காரர். உண்மையில் எனக்கு ரொம்ப நாள் ஒன்றும் தெரியாதுதான். அவள் கன்னம் வீங்கியபோது அலமாரிக் கதவு இடித்தது என்றாள், நம்பினேன். உதடு கிழிந்தபோதும் அதே கதவு. அபூர்வமான கதவு அது, நீ வெளியூர் போனால் சாதுவாகிவிடும், நீ திரும்பிய அன்றே ஆளைப் பார்த்து அடிக்கும். வகுப்பில் ஒரு பிள்ளை முழங்கை சிராய்ப்போடு வந்தாலே யார், எப்போது என்று துருவிக் கேட்டவள் நான், சொந்த வீட்டில் மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாலாவது முறை நான் சமையலறை வாசலில் நின்றேன். அலமாரி மூடியேதான் இருந்தது. பாப்பா மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. அதற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லையாம், விசாரித்துவிட்டேன்.

அதனால்தான் பார்த்ததையெல்லாம் தேதி போட்டு நாலு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டேன். வாங்கிக்கொண்ட கோர்ட் குமாஸ்தா "எழுத்து முத்து முத்தா இருக்கு டீச்சர்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் பாராட்டு, உன் புண்ணியம்.

உன் அத்தை வந்து ஒரு மணி நேரம் வைதாள். "பெத்த புள்ளைக்கு எதிரா எவளாவது கோர்ட்ல ஏறுவாளா அண்ணி? ஊரே சிரிக்கும்" என்றாள். சிரிக்கட்டும், இந்த வீட்டில் யாராவது சிரித்து வெகு காலமாயிற்று என்றேன். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நேற்று பாப்பா ஒரு தட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், தானே போய் விளக்குமாறு எடுத்து வந்தாள். அவ்வளவுதான், அழவில்லை.

கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் ஆலோசகரிடம் போகச் சொன்னாரே நீதிபதி, அதற்காவது போ. வெட்கப்படாதே, தெரியாததைக் கற்றுக்கொள்ள வயது கிடையாது. கை அடங்கி, மனம் தெளிந்து, நீண்ட நாள் நன்றாயிரு. பதினான்காம் தேதி காலை பத்தரைக்கு விசாரணை. சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வா. என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடாதே, அங்கே அவள் உட்கார்ந்திருப்பாள்.

உன் அம்மா