பணத்துக்கு ஒரு கடிகாரம், பறப்புக்கு ஒரு கடிகாரம்

அனுப்புநர்
டாக்சி ஓட்டுநர்,
ரயில் நிலைய வாசல் நிறுத்தம்,
வரிசையில் மூன்றாவது வண்டி.

பெறுநர்
ஆய்வாளர் அவர்கள்,
எடையளவு மற்றும் மீட்டர் சோதனை அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: விமானக் கிளப் நாற்பது மணி நேரத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு முப்பது மணி நேரமே பறந்ததாகப் பதிவு செய்தது – மீதி நேரமும் என்னைப் பறக்க விடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என்னைத் தங்களுக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் டாக்சி மீட்டர் கொஞ்சம் அவசரப்படுகிறது என்று கண்டுபிடித்து, அபராதம் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினீர்கள். அன்று தங்கள் அலுவலக வராந்தாவில் நான் போட்ட கூச்சலுக்கு வருந்துகிறேன். அபராதம் நியாயம்தான். அந்த நியாயத்தை நம்பித்தான் இன்று மாடி ஏறி வந்திருக்கிறேன்.

2. ஐம்பத்தாறு வயதில் விமானம் ஓட்டக் கற்று வருகிறேன். தாங்கள் சிரிக்க வேண்டியதில்லை. என் மைத்துனர் வேண்டிய மட்டும் சிரித்துவிட்டார். உரிமம் வாங்கினால்தான் என் மனைவியை உடன் ஏற்றிக்கொண்டு பறக்கலாம். அதற்கான தேர்வுக்கு நாற்பது மணி நேரம் பறந்ததாகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். தேர்வு இம்மாதம் 26ஆம் தேதி. என் உடல்தகுதிச் சான்று 30ஆம் தேதியோடு முடிகிறது. அடுத்த தடவை கையெழுத்துப் போட முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். காரணம் ரத்த அழுத்தம். ரத்த அழுத்தத்துக்குக் காரணம் கிளப் செயலாளர் என்பது என் மனைவியின் கருத்து.

3. விமானத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு மீட்டர் இருக்கிறது. எஞ்சின் உயிர் பெற்றதும் ஓடத் தொடங்கும். எஞ்சின் அணைந்தால்தான் நிற்கும். வாடகை அதன்படி. பதிவேட்டிலோ, சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொடும் வரை மட்டுமே எழுதுகிறார்கள். நாற்பத்து நான்கு தடவை ஏறியிருக்கிறேன். வாடகை கட்டியது 40 மணி 22 நிமிடம். பதிவேட்டில் இருப்பது 30 மணி 50 நிமிடம். மீதி 9 மணி 32 நிமிடம் நான் தரையில் உட்கார்ந்து எஞ்சின் சத்தம் கேட்டதற்குக் கொடுத்த காசு ஐயா! இனிமேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

4. இதற்குச் சாட்சி என் மனைவி. பரீட்சை மேற்பார்வையாளராக இருந்தவள்; நேரம் முடிந்தால் பாதி வார்த்தையில் தாளைப் பிடுங்கியவள். நாற்பத்து நான்கு நாளும் கிளப் வேலிக்கு வெளியே டாக்சிக்குள் உட்கார்ந்து, விமானத்தின் மூக்கு விசிறி சுற்றத் தொடங்கிய நேரம், தரையை விட்டுக் கிளம்பிய நேரம், இறங்கிய நேரம், விசிறி நின்ற நேரம் என்று நான்கு கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். கிளம்புவதற்கு முன் சராசரி பத்து நிமிடம், இறங்கிய பின் மூன்று நிமிடம் தண்டம். ஒருநாள் முப்பத்தொரு நிமிடம். கிளப் தலைவரின் சம்பந்தி வீட்டார் ஓடுபாதையில் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நோட்டின் நகலை இணைத்துள்ளேன். அசலைத் தர மறுக்கிறாள்.

5. செயலாளரிடம் முறையிட்டேன். “விசிறி சுத்தினா மீட்டர் சுத்தும், பறந்தாதான் பறந்த நேரம். ஏன் சார், உங்க டாக்சியில வெயிட்டிங் சார்ஜ் வாங்குறதே இல்லையா?” என்று கேட்டார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மனைவிதான், “சிக்னல்ல நின்னதுக்குக் காசு வாங்கினீங்க, சரி. அதுக்காக ஏறினவரை முக்கால் வழியில இறக்கிவிட்டு, ‘நின்ன நேரத்தைக் கழிச்சுட்டேன், மீதியை நடந்து போங்க’ன்னு என்னைக்காவது சொன்னீங்களா?” என்றாள். இல்லை ஐயா. மீட்டர் அவசரப்பட்ட காலத்தில்கூட வீட்டு வாசல் வரை கொண்டுபோய்த்தான் விட்டிருக்கிறேன்.

6. தரையில் நின்றதைப் பறந்ததாக எழுதச் சொல்லவில்லை. பொய்க் கணக்கை நம்பி மேலே போக எனக்கே பயம். பணத்தையும் திருப்பிக் கேட்கவில்லை. தாங்கள் நேரில் வந்து அந்த மீட்டரைச் சோதித்து, காசு கொடுத்த நேரத்தை 26ஆம் தேதிக்குள் நான் பறந்து முடிக்க உத்தரவிட வேண்டும்.

7. மேலும், பல நாள் கெஞ்சியபின் நேற்றுதான் என் மனைவி விமானத்தில் ஏறச் சம்மதித்தாள். “பத்து நிமிஷம். அதுக்கு மேல ஒரு செகண்டு கிடையாது” என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன சொல் மாறாதவள். கிளப்பின் மீட்டர்படி அந்தப் பத்து நிமிடமும் தரையிலேயே தீர்ந்துவிடும். அவள் பாட்டுக்குக் கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவாள். ஆகவே எந்தக் கடிகாரம் செல்லும் என்று தாங்கள்தான் தீர்த்துச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
டாக்சி ஓட்டுநர்

இடம்: டாக்சி நிறுத்தம்
தேதி: இம்மாதம் 11