மீன் எண்ணெய் பூசிய படகு

என் கனகத்துக்கு,

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை முதலில் படித்துக்கொள்.

இந்த மலையேரியில் சரணாலயத்துப் படகுகளை மழைக்கு முன் பழுதுபார்க்கிறேன். நேற்று ஒன்றைக் கவிழ்த்து, நம் மண்டபத்தூர் வழக்கப்படி மீன் எண்ணெய் பூசிவிட்டு, நிழலுக்கு அதன் அடியிலேயே படுத்தேன். தலைக்கு மேல் நக்கும் சத்தம் கேட்டது. கரடி! பலகை முழுவதையும் நக்கித் தீர்த்துவிட்டு அதுபாட்டுக்குப் போய்விட்டது.

"காட்டுல வந்து மீன் எண்ணெயா பூசுவாங்க?" என்று காவலர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எழுத்து கோணியிருப்பது பேனாவின் குற்றம்.

உன் அண்ணனைக் கொண்டுபோன கடல் வேண்டாம் என்று நீ அழுததால்தான் காட்டுக்கு வந்தேன். இப்போது காடும் வேண்டாம் என்பாய். ஒரு வரி எழுதிப் போடு, மறுபேச்சில்லாமல் வந்துவிடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்