செல்வியின் மாத்திரை டப்பா

ஆவணி, ஞாயிறு இரவு.

இன்று கொட்டாம்பட்டியில் நான் அவிழ்த்துவிட்ட பொய்க்கு மூன்று உலகமும் எழுந்து நின்று கைதட்டியிருக்க வேண்டும். ஆனால் மனசுதான் அடங்க மாட்டேன் என்கிறது.

தங்கச்சி மகள் செல்விக்கு எச்.ஐ.வி. இருப்பது அவள் புருஷனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். தினமும் இராத்திரி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை போட வேண்டும். குலுங்கிச் சத்தம் கேட்கக் கூடாதென்று டப்பாவுக்குள் பஞ்சு அடைத்து வைத்திருப்பாள். நாளைக்கு அவள் வீட்டில் காதுகுத்து. சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில் அவள் மாமியார் அந்த டப்பாவைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன மாத்திரடி?"

செல்வி வாயைத் திறப்பதற்குள் நான் பாய்ந்தேன்.

"என்னுது சம்பந்தியம்மா! வழுக்கையில முடி முளைக்க இமயமலையிலருந்து வரவழைச்சது. செல்விகிட்டக் குடுத்து வச்சிருந்தேன்."

"ஒண்ணும் முளைச்ச மாதிரித் தெரியலையேண்ணே?"

"நேத்துத்தானம்மா விதைச்சிருக்கு!"

வீடே சிரித்தது. ஏழு நாட்டை வென்ற ராஜா மாதிரி டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மேலூருக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. பிள்ளை இன்றைக்கு எதைப் போடுவாள்?

என் ஓட்டை மொபெட் திரும்பக் கொட்டாம்பட்டிக்குப் புஷ்பக விமானமாகப் பறந்தது. செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் எம்புட்டுப் பொய் மாமா வச்சிருக்கீக?"

"ஏழு கடல் கொள்ளாது தாயி."

"எனக்குப் பொய்யெல்லாம் தீந்துபோச்சு மாமா" என்றாள்.