சாமிக்கு வாசித்துக் காட்டிய இங்கிலீஷ்

ஃபாங்லியாவ்,
மார்ச் 9, ஞாயிறு மத்தியானம்.

தாய்பேயில் இருக்கும் என் மருமகள் பெய்-ச்சுன்னுக்கு, உன் ஒரே தாய்மாமன், ஸ்கூட்டர் கடை ஆ-தியென் எழுதுவது.

நான் அப்போதே சொன்னேன். நீ நார்வேக்குப் படிக்கப் போவாய் என்று சொன்னேன். முழுச் செலவையும் அவர்களே ஏற்பார்கள் என்று சொன்னேன். சேதி மார்ச் 1, சனிக்கிழமைதான் வரும் என்று தேதியோடு சொன்னேன். உனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டதாம். அது கணக்கில் சேராது. எனக்குத் தெரிந்தது சனிக்கிழமைதானே!

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். நீ விட்டாலும் உன் அம்மா விடமாட்டாள். "டேய், அளக்காம போனைக் கொடுறா" என்று பிடுங்கிவிடுவாள். கடிதத்தில் என்னை யார் நிறுத்துவது?

சேதி வந்ததும் இங்கே நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா செருப்புக்கூடப் போடாமல் மீன் குளத்துக்கு ஓடினாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? கலவா மீன்களுக்கு இரை போட்டு முடித்திருந்தவர், மறுபடியும் முதலிலிருந்து போட ஆரம்பித்தார். அன்றைக்கு மீன்களுக்கும் விருந்து. நான் கொளுத்திய பட்டாசுச் சரம் ரயில் நிலையம் வரைக்கும் நீண்டது. சரி, சோயாபால் கடை வரைக்கும். அடுத்த மாதம் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு இருபது மேசை விருந்து வைக்கப்போகிறேன். உன் அம்மா ஆறு மேசை போதும் என்கிறாள். அவள் எப்போதும் அப்படித்தான், சின்னதாகவே யோசிப்பாள்.

இவ்வளவுக்கும் யார் காரணம் என்று ஊரில் கேட்கிறார்கள். நான் அடக்கமாகச் சிரிக்கிறேன். பிறகு சொல்லிவிடுகிறேன்.

டிசம்பரில் நீ நார்வேக்கு விண்ணப்பித்து எழுதிய அந்த மூன்று பக்க இங்கிலீஷ் கடிதத்தை எனக்கு அனுப்பி, படிப்புச் சாமியின் காலடியில் வைக்கச் சொன்னாயே, அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. வெங்காயத்தாள், செலரி, முள்ளங்கி எல்லாம் படைத்து, கடிதத்தையும் வைத்தேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஆ-ஹோக் எட்டிப் பார்த்து, "ஏன் ஆ-தியென், சாமிக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டான். சாமிக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியுமே! அமெரிக்கக் கப்பல்காரன் ஒருவனுடைய ஸ்கூட்டரை மூன்று நாள் பழுது பார்த்தவன் நான். இங்கிலீஷ் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. உரக்க வாசித்தேன்.

வாசிக்க வாசிக்கத்தான் பார்த்தேன், வரிக்கு வரி 'மே'. படிக்கலாம், கற்றுக்கொள்ளலாம், மீன் நோய்க்கு வழி தேடலாம், ஊருக்குத் திரும்பி வரலாம். அர்த்தம் சொன்னதும் ஆ-ஹோக் கேட்டான், "புள்ள போகுதா, இல்ல போனாலும் போகுமா? கேக்குற புள்ளைக்கே நிச்சயம் இல்லன்னா சாமி மட்டும் எப்பிடி நிச்சயமாச் சொல்லும்?"

எனக்குச் சுருக்கென்றது. இதெல்லாம் நிச்சயம் நடக்குமா என்று சாமியிடமே கேட்கப் பிறைக் கட்டைகளைக் கையில் எடுத்தேன். உனக்குத் தெரியாததா, ஒன்று குப்புற ஒன்று மல்லாக்க விழுந்தால் சம்மதம். இரண்டும் குப்புற என்றால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது, 'எனக்கே இன்னும் தெரியலப்பா' என்கிற மாதிரி. பெரிய காரியத்துக்குத் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும். முதல் முறை சம்மதம். இரண்டாம் முறை சம்மதம். மூன்றாம் முறை கட்டை தரையில் பட்ட சத்தத்தில் விளக்கெல்லாம் ஆடியது, ஆ-ஹோக் எழுந்து நின்றுவிட்டான். சம்மதம்!

கடைக்கு வந்ததும் உனக்குப் போன் போட்டேன். "மாமா, நெஜமாவா? மூணு தடவையுமா?" என்று நீ கேட்டாய். மூன்று தடவையும் என்றேன். சாமியே அடித்துச் சொல்லிவிட்டது, நீ ஏன் இழுக்கிறாய், எல்லா 'மே'யையும் தூக்கிவிட்டு 'வில்' போடு என்றேன். படிப்பேன், தேடுவேன், வருவேன், மீன் சாகாது, புயல் வராது.

அப்போது உன் பழைய இங்கிலீஷ் டீச்சர் ஹோங், டயர் மாற்ற வந்தவர், என் கடையில்தான் உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி உன்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "உன் மாமா பாதிதான் சரி. நீ செய்யப்போறத 'வில்'னு எழுது. மீன் செய்யப்போறத 'மே'னு விட்டுடு." நான் விடவில்லை, மீனும் கேட்கும் என்றேன். "ஏங்க, மீன் என்ன உங்க கடையில போல்ட் முடுக்குதா, நீங்க சொன்னபடி கேக்க?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். அவர் சொன்னதும் நான் சொன்னதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது பார், தேர்வு செய்தவர்கள் என்ன சொன்னார்களாம்? இந்தப் பெண்ணுக்குத் தன்னால் செய்ய முடிந்தது எது, யாராலும் சொல்ல முடியாதது எது என்று தெரிந்திருக்கிறது என்றார்களாம். உன் அம்மா சொன்னாள். முதல் பாதி என்னுடையது, இரண்டாம் பாதி டீச்சருடையது. அவருக்கும் விருந்தில் நல்ல மேசை ஒதுக்கிவிட்டேன்.

அங்கே குளிராம். நம் ஆட்கள் சூடான கஞ்சி இல்லாமல் ஒரு வாரம் தாங்கமாட்டார்கள். சோறு வேகவைக்கும் சின்னப் பானை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், எடுத்துப் போ. நார்வே மீனைப் பார்த்து மயங்கிவிடாதே. நம் கலவாவுக்கு முன்னால் அதெல்லாம் ஒரு மீனா?

இன்னொரு விஷயம். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை உன் அம்மா சாப்பாட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் டீச்சரிடம் கேட்டு, 'திரும்பி வருவேன்' என்கிற வரியில் அந்த 'வில்' எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். யார் வந்தாலும் கண்ணாடிமேல் விரல் வைத்துக் காட்டுகிறாள். அந்த இடம் மட்டும் விரல் ரேகையாகக் கிடக்கிறது. தினமும் துடைக்கிறாள், தினமும் காட்டுகிறாள்.

அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்று கடையைப் பூட்டிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பெய்-ச்சுன், மற்ற வரிகளையெல்லாம் நீ உன் மனசிலிருந்து எழுதினாய். இந்த ஒரு வரியை மட்டும், "சாமியே சொல்லிடுச்சே மாமா, அப்ப வருவேன்னே போடறேன்" என்று சொல்லி மாற்றினாய். அதனால் இதை உன்னிடம் சொல்லாமல் உன்னை விமானம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே.

அங்கே போய் உனக்கு வேறு மாதிரி தோன்றினால், அந்த வரி உன்னைக் கட்ட வேண்டாம். நீ யாருக்கும் வாக்குத் தவறியவள் ஆகமாட்டாய். கண்ணாடியை நான் பார்த்துக்கொள்கிறேன். போய் வா, கண்ணு. எனக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அது ஒன்றுதான்.

விளக்கு ஆடவில்லை. ஆ-ஹோக் எழுந்து நிற்கவும் இல்லை. மூன்றாம் முறை இரண்டு கட்டையும் மல்லாந்துதான் விழுந்தன. சாமி சிரித்தது. சம்மதம் என்றது நான்.

உன் மாமா
ஆ-தியென்