அடியில் இருந்த எழுத்து

அன்புள்ள மகன் இளங்கோவனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அந்தப் பனியில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். உன் மிலிட்டரி கேம்ப்பில் போனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை, அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை சுகாசினி எழுதுகிறாள். விஷயமே அவளைப் பற்றியது என்பதால் பாதியில் பேனாவை வைத்துவிடுகிறாள், அதட்டித்தான் எழுத வைக்கிறேன்.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு மூலையில் உட்கார்ந்தவள், தணிகாசலம் படக்கடைக்கு பிரேம் போடப் போன பிறகுதான் நாலு பேரை நிமிர்ந்து பார்த்தாள். போன வாரம் திருப்புட்குழி மணியம்மாள் டீச்சர் பழைய படம் ஒன்றை பிரேம் போடக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்து ஓவியத்தைப் பார்த்து செம்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி அச்சடித்ததாம். ஆற்றங்கரை, மரம், மேய்கிற மாடுகள், நிழலில் படுத்திருக்கும் மாட்டுக்காரன். டீச்சருடைய அப்பா வெள்ளைக்காரர் பங்களாவில் தோட்டவேலை செய்தபோது கிடைத்ததாம். கறுப்புக் கோடுதான், ஆனாலும் புல் ஈரமாகத் தெரிகிறது என்று வந்து சொன்னாள்.

சாமி காலண்டரை பிரேம் போடும் முன் அடியில் இருக்கும் கடைப் பெயரை வெட்டிவிடுவார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தில் இதன் அடியில் இருந்த சின்ன எழுத்தையும் வெட்டிவிட்டாள். அது வரைந்தவர் பெயரும் செதுக்கியவர் பெயருமாம். துண்டு குப்பையோடு போய்விட்டது. தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு மனசு கேட்காமல், "எலி கடிச்சிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன், நீ வாயத் திறக்காதமா" என்றாராம். ஸ்கேல் வெச்சுக் கடிக்கிற எலி எந்த ஊர்ல இருக்குது என்று நான் கேட்டேன், அழுகையிலும் சிரித்துவிட்டாள். ஆனால் மூன்று நாளாகக் கடைக்குப் போகவில்லை. "பொய்ய சொல்லிக்கினு அங்க எப்படிமா உக்காருவேன்" என்கிறாள். நீயே போய்ச் சொல்லிடு என்றால், டீச்சர் முன்னாடி பேச்சே வராதாம். திட்டு விழுந்தால் விழட்டும், மறுபடியும் மூலையில் உட்கார்ந்துவிடுவாளோ என்பதுதான் என் பயம். நாளைக் காலை படத்தை வாங்க டீச்சர் கடைக்கு வருகிறார்கள்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள். அம்மன் உன்னைக் கண்ணாகக் காக்கட்டும். லீவு எப்போது என்று எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சா

அண்ணா, தபாலில் போடும் முன் நான் எழுதுகிறேன். காலையில் கடைக்குப் போனேன். நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன், சத்தம் வரவில்லை, இன்னொரு தடவை சொன்னேன். டீச்சர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. படி இறங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, "வீட்ல இதே மாதிரி இன்னொண்ணு இருக்குது, கண்ணாடி ஒடஞ்சி கெடக்குது. எடுத்தாரேன், நீயே போடு. கத்திய மட்டும் கிட்ட கொண்டுபோவாத" என்றார்கள்.